செங்கல் சிவப்பு

பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைத் தூள். வேறென்ன இருக்கும், இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாளே என்று இரக்கப்பட்டு உப்பு நீலமாகவா மாறி நிற்கும், அதே வெள்ளை, பழைய வினாத்தாளைக் கிழித்துத் திருநீறு மடிக்கிற மாதிரி மடித்த அதே பொட்டலம், அமிலம் தின்று குழி விழுந்த அதே மேஜை, எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் அதே குழாய். இது இன்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுதிவிட்டால் சண்முகக்கனி பி.எஸ்ஸி. ஆகிவிடுவாள். மற்ற தாள் எல்லாம் இருபத்தோரு வயதிலேயே பாஸ். இந்த ஒரு செய்முறைத் தேர்வு மட்டும் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றுபோனது. பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, இதற்கு மேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது, பந்தி முடியப்போகிறது, சாப்பிடாதவர்கள் ஓடி வாருங்கள் என்கிற மாதிரி. ஓடித்தான் வந்தாள். இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வந்து, மகள் வயதுப் பிள்ளைகளோடு சோதனைக் குழாய் கழுவினாள். முதல் நாள் அவள் நுழைந்ததும் அத்தனையும் விறைத்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றதுகள். அவள் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போனபோது பின்னால் ஒருத்தன், "ஏலே, மேடம் இல்லலே, நம்ம செட்டுதான், அரியர்" என்றான், குபீரென்று ஒரு சிரிப்பு. அந்தக் கோட்டும் அவளுடையதில்லை. பார்மசி படிக்கிற மகள் நிவேதாவுடையது, தோளில் பிடிக்கும், கையைத் தூக்கினால் கக்கத்தில் தையல் முனகும். "அழுக்காக்கிராதம்மா, திங்கக்கிழமை எனக்கு லேப் இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "என் ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் கேட்டா ஏதோ ட்ரெய்னிங்குன்னு சொல்லிரு, என்ன" என்றாள். ட்ரெய்னிங்காம் ட்ரெய்னிங். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்.

பன்சன் அடுப்பைப் பற்றவைத்தாள். புஸ்ஸென்று நீலமாக நின்றது. இவ்வளவு கோபத்தோடு நெருப்புப் பக்கம் நிற்கக்கூடாது என்று தோன்றியது, தோன்றியதற்கும் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட முடியவில்லை, அதுதான் பெரிய கோபம். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் தாளாளர் மேலா? அந்த மனுஷனுக்கு என்ன, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சிரிப்பு, பதினாறு வருஷமாகக் கனி மிஸ் கனி மிஸ் என்று இனிக்க இனிக்கக் கூப்பிட்டு ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அறிவியல் முழுக்க அவள் தலையில் கட்டிவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் என்று கடிதம் வந்த அன்றைக்கு மட்டும், "மிஸ், இன்னிக்கு ஒருநாள் யூகேஜில உக்காந்துக்கிடுங்க, பீரோவில ஆயா சேலை இருக்கு" என்பார். ஊதா பார்டர் போட்ட சாம்பல் நிறச் சேலை. வருஷா வருஷம் அதைக் கட்டிக்கொண்டு மூக்கொழுகும் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருப்பாள், அவள் வகுப்பில் யாரோ ஒரு பட்டதாரி, அன்றைக்கு ஒருநாள் கூட்டிவந்தவள், கரும்பலகையில் வரைந்துகொண்டிருப்பாள். போன தடவை வந்த அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனாள். டம்ளரைத் தட்டில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு. வராந்தாவில் வரிசையாகப் போன எட்டாம் வகுப்பில் மகாராஜன் என்கிற பையன் அவளைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக "குட் மார்னிங் மிஸ்" என்றான். அவள் உதட்டில் விரலை வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள், விரலை வைத்தாள். அந்தப் பையனின் பல் உள்ளே போனது, கண் கீழே போனது, பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் சேலையை மடித்துக் கொடுக்கும்போது தாளாளர் சிரித்தார். "வர்ற ஜூனுக்குள்ள டிகிரி வரலேன்னா பாத்துக்கிடுங்க மிஸ், ரூல்ஸ் டைட்டாயிருச்சு, பேசாம அந்தச் சேலையவே உங்களுக்குன்னு எழுதி வச்சிர வேண்டியதுதான்." ஜோக்காம். ஆபீஸ் ரூமில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்தாளே! தன் வாயைத் தானே அறைய வேண்டும்போல இருந்தது இப்போது, இந்த அடுப்பு முன்னால்.

தூளில் கொஞ்சம் எடுத்து நீர்த்த அமிலம் விட்டாள், நுரைத்துப் பொங்கியது, கார்பனேட். அது ஒரு பெரிய வித்தையில்லை, கண்ணில்லாதவனும் காதால் கேட்டுச் சொல்லிவிடுவான். மீதிப் பாதி, அது எந்த உலோகத்தின் கார்பனேட் என்பது, அதைச் சொல்வது நெருப்புதான். கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால் நெருப்பு நிறம் மாறும். பச்சை வந்தால் பேரியம். இரத்தச் சிவப்பாக, கருஞ்சிவப்பாக வந்தால் ஸ்ட்ரான்சியம். செங்கல் சிவப்பு வந்தால் கால்சியம். இதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சிவப்பு வேறு செங்கல் வேறு. தெரியுமா? தெரியுமாடி உனக்கு? இருபத்தோரு வயதில் தேர்வு எழுதின அன்றைக்கும் இதே மாதிரி ஒரு காலை, இதே நாற்றம், அழுகின முட்டையும் வாயுவும் கலந்த நாற்றம். அவள் மேஜையில் அடுப்பு பற்றவில்லை, தேர்வாளர் அவளை அடுத்த மேஜைக்கு மாறச் சொன்னார், அங்கே இருந்த பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். சூசை அண்ணன், லேப் அட்டெண்டர், சிலிண்டர் தூக்கி வரப் போயிருந்தார். சூசை அண்ணன் இல்லாமல் இந்தக் கல்லூரியில் ஒரு பிள்ளையும் கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணியதில்லை என்பார்கள். பொட்டலம் மடிப்பவர் அவர், எந்தப் பிள்ளைக்கு எது என்று அறிந்தவர் அவர், துணியும் கையுமாக வந்து மேஜையைத் துடைப்பார், "தண்ணி சிந்திக் கெடக்கு தாயி" என்பார், குனிந்த வாக்கில் உப்பின் பெயரைக் காதில் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். அது ஒரு மரபு, ஒரு பிரசாதம், வாங்காதவர்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்றைக்கு அவர் வருவதற்குள் அவள் கம்பியைச் சுடரில் காட்டிவிட்டாள். சிவப்பு. அப்படி ஒரு சிவப்பு, விரலை நறுக்கிக்கொண்டால் முதலில் துளிர்க்குமே, அது. ஸ்ட்ரான்சியம் என்று உதடுவரை வந்துவிட்டது. அப்போது துணி வந்தது. "தண்ணி சிந்திக் கெடக்கு தாயி. கால்சியம்." பழைய மேஜையில் அவளுக்கென்று வைத்திருந்த உப்பு அது, பொட்டலம் மாறியது அவருக்குத் தெரியாது. ஆனால் அதுவா விஷயம்? மறுபடியும் கம்பியைக் காட்டினாள். இப்போது பார்த்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. இன்னொரு தடவை. கொஞ்சம் மண் நிறம் கலந்த மாதிரி. ஆமாம், செங்கல்தான், செங்கலேதான், சூளையில் இருந்து இப்போதுதான் எடுத்த செங்கல். கண் கெட்டுப்போகவில்லை, வெளிச்சம் குறையவில்லை. ஒருத்தர் சொன்னார், இவள் அதைப் பார்த்துவிட்டாள். இதை நினைக்கும்போதுதான், இத்தனை வருஷம் கழித்தும், உள்ளங்கால் சூடாகி அது மேலே மேலே ஏறுகிறது.

பெயில் என்று வந்தபோது ஏன் என்றே தெரியவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், கூடப் படித்தவள் ஒருத்தி பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "உனக்குத் தெரியாதா கனி, அன்னைக்கே சூசை அண்ணன் தலையில அடிச்சிக்கிட்டாரு, அந்தப் பிள்ளைக்கு மாத்திச் சொல்லிட்டேனேன்னு" என்று சொல்லிச் சிரித்தாள். சொல்லிச் சிரித்தாள்! அதற்குள் அண்ணன், கூடப்பிறந்த அண்ணன், "பெயிலாப் போனவளுக்கு அதுக்கு மேல என்ன படிப்பு, மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுதாக" என்று முடித்துவைத்து, நல்ல இடம் என்றான், அவளும் நல்ல இடம் என்று பார்த்தாள். அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள், அடுத்த வருஷம் வயிற்றில் நிவேதா, கேஸ் நாற்றம் ஆகாது என்றாள் மாமியார், ஆகாது என்றுதான் அவளுக்கும் குமட்டியது. அதற்கு அடுத்த வருஷம் மாமியாருக்கு இடுப்பு. அதற்கு அடுத்த வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஆளில்லாததால் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கணவர் பாலகுருசாமி கெட்ட மனுஷன் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தாலுகா ஆபீசில் வேலை, வாயில் சத்தம் கிடையாது. நேற்றுக்கூட, "இந்த வயசுல என்னத்துக்குக் கனி உடம்பப் போட்டு வருத்துற, வரலேன்னா விட்ரு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். நினைக்க மாட்டாராம்! நினைத்தால் என்ன, கொஞ்சம் நினைத்துத்தான் பார்த்தால் என்ன! அந்தப் பெருந்தன்மையைச் சுருட்டிச் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வகுப்பில் பிள்ளைகளிடம் தினமும் என்ன சொல்கிறாள்? கைடில் இருப்பதை எழுதாதீங்க, கண்ணால் பார்த்ததை எழுதுங்க. நாற்பது பிள்ளைகளும் தலையை ஆட்டும். எந்த வாயால் சொன்னாள் அதை, உதட்டில் விரலை வைத்த அதே வாயால்தானே.

"அக்கா, உங்க அடுப்பு நல்லா எரியுதா? என்னோடது மஞ்சளாவே வருது" என்று பக்கத்து மேஜையிலிருந்து ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். இருபது வயதிருக்கும், பேச்சு நிற்காது, இரண்டு மாதத்தில் இவளை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஜீவன். "கீழ காத்து வர்ற ஓட்டையத் திறடி" என்றாள் கனி. திறந்ததும் நீலமானது. "அக்கான்னா அக்காதான்" என்று அவள் திரும்பிக்கொண்டாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "சூசை அண்ணன் இன்னும் இந்த லைனுக்கு வரலக்கா, மொத லைன் முடிஞ்சிருச்சு, வருவாரு" என்றாள், பஸ் வரும் என்பது மாதிரி, பயமே இல்லாமல். வருவாரு. கனிக்குத் தெரியும். காலையிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நிற்கிறாள். தலை நரைத்து, நடை சாய்ந்து, துணி மட்டும் அதே சிவப்புக் கட்டம் போட்ட துணி. அவர் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும், பார்த்து எழுதிவிட வேண்டும். தூளை அமிலத்தில் குழைத்தாள். கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுட்டாள், மறுபடி தோய்த்துச் சுட்டாள், நிறமே வராதவரை, கம்பி ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்காதவரை. பிறகு குழைத்ததைத் தொட்டுச் சுடரின் ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் இல்லை. முதலில் அழுக்கு மஞ்சள், எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாப்பாட்டு உப்பின் மஞ்சள். அது அடங்கியது. அடங்கின இடத்தில், அவசரமே இல்லாமல், ஒரு பச்சை வந்தது. மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் தலை நீட்டுமே அந்தப் பச்சை, நம்பவா வேண்டாமா என்கிற பச்சை, பிறகு சுடர் முழுக்கப் பச்சை. அவளுக்குள் என்னவோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமல் வந்தது. பேரியம். கோபம் எங்கே போனது என்று தேடினாள், காணோம், காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு வயிறுவரை போய் வந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அப்போது துணி வந்தது. "தண்ணி சிந்திக் கெடக்கு தாயி." சிவப்புக் கட்டம் அவள் விடைத்தாளின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. "கனிதானே நீ? ரெண்டு மாசமாப் பாக்கேன், பேச மூஞ்சியில்ல. அன்னைக்கு ஒனக்கு நாஞ்செஞ்சது... அத விடு. இது பேரியம் கார்பனேட்டு. இந்தத் தடவை தப்பாதும்மா, ஒனக்குன்னு நானே மடிச்சு நானே கொண்டாந்து வச்சேன். கண்ண மூடிக்கிட்டு எழுது." சொல்லிவிட்டுக் கண் கலங்க நின்றார் அந்த மனுஷன். பெரிய கடன் ஒன்று தீர்ந்த மாதிரி. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஹெப்சிபாவின் மேஜைக்குப் போனார். கனியின் பேனா காற்றில் நின்றது. சரிதானே? சரிதான். அவளும் அதைத்தானே பார்த்தாள்? அதைத்தான் பார்த்தாள், அவர் வருவதற்கு முன்னாலேயே பார்த்தாள். முன்னாலேயா? முன்னாலேயேதான். பின்னே எழுது. கை போகவில்லை. மறுபடியும் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். பச்சை. இப்போது அந்தப் பச்சை வந்த விதமே வேறாக இருந்தது, கூப்பிட்டதும் ஓடி வருகிற மாதிரி, சொன்னதைச் செய்கிற மாதிரி. இன்னொரு தடவை. பச்சை, பச்சை, கொஞ்சநேரத்துக்கு முன்னால் அவளுடையதாக இருந்தது, இப்போது சூசை அண்ணனுடைய பச்சை. இனி இதை எழுதினால் யார் எழுதியதாகும்? பாஸ் என்று வரும், வந்தால் தாளாளர் கைகுலுக்குவார், வீட்டில் கேசரி கிண்டுவார்கள், அவள் மட்டும் சாகும்வரை ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருப்பாள், பார்த்தியா, இல்லை சொன்னார்களா? தட்டிப் பறித்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்வாள். இப்படிப் பாசத்தோடு வந்து, கண் கலங்கி, நல்லது செய்து பறித்தால் என்ன செய்வது! எல்லோரும் அவளுக்கு நல்லதுதான் செய்தார்கள். அண்ணன் நல்லது செய்தான், மாமியார் நல்லது செய்தாள், பாலகுருசாமி இன்றுவரை நல்லது செய்துகொண்டிருக்கிறார், ஆயா சேலைகூட ஒரு நல்லதுதான், வேலை போகாமல் இருக்கட்டும் என்கிற நல்லது. கண்ண மூடிக்கிட்டு எழுது. கண்ண மூடிக்கிட்டு! எல்லோரும் அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். கோபம் போன வேகத்தில் திரும்பி வந்தது, வந்ததே ஒரு வரத்து, காது அடைத்தது, அடுப்பின் சத்தமும் குழாயின் சொட்டும் ஹெப்சிபாவின் பேச்சும் எங்கோ கிணற்றுக்குள் கேட்டன.

பொட்டலத்தை எடுத்தாள். சிங்க்கில் கவிழ்த்தாள். குழைத்து வைத்திருந்ததையும் கவிழ்த்தாள், குழாயைத் திறந்தாள், வெள்ளையாக ஒரு சுழி சுழித்து உள்ளே போனது. "ஐயோ அக்கா!" என்றாள் ஹெப்சிபா. சத்தம் கேட்டு வெளித்தேர்வாளர் டீ கிளாசை வைத்துவிட்டு வந்தார், முப்பது வயதுகூட இருக்காது, ஒட்ட வெட்டிய தாடி, எங்கோ வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பையன். "என்னாச்சு மேடம்?" என்றவர், மேடம் என்றதற்காகக் கொஞ்சம் விழித்தார். "கை தவறிக் கொட்டிட்டேன் சார். வேற சால்ட் வேணும்." "எல்லாமா கொட்டிருச்சு?" "எல்லாந்தான் சார்." "ரெண்டாவது தடவை குடுத்தா மார்க் குறைப்பேன், தெரியும்ல? டைமும் ரொம்ப இல்ல." "குறைங்க சார்." அவர் திரும்பி, "சூசை அண்ணே, மேடத்துக்கு இன்னொரு பொட்டலம்" என்று குரல் கொடுத்தார். சூசை அண்ணன் துணியோடு நின்ற இடத்திலேயே நின்றார். சிங்க்கைப் பார்த்தார், கனியைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, பாவம் பார்த்துப் பார்த்துத்தானே இந்தக் கதி என்று கனி பல்லைக் கடித்தாள். "அவர் மடிச்சது வேண்டாம் சார். நீங்க எடுத்துக் குடுங்க." சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் சொல்லமாட்டாள், கொன்றாலும் சொல்லமாட்டாள், சூசை அண்ணனைக் காட்டிக்கொடுப்பது வேறு கணக்கு. தேர்வாளர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு துணியை, பிறகு வரிசையாக அமைதியாகிப்போன மேஜைகளை. அலமாரியிலிருந்து தானே ஒரு புட்டியை எடுத்தார், லேபிளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, அவள் நீட்டிய கண்ணாடித் தட்டில் ஒரு கரண்டி தட்டினார். வெள்ளைத் தூள்.

மறுபடியும் முதலிலிருந்து. அமிலம் விட்டாள், நுரைத்தது, அது சரி. கம்பியைச் சுட்டாள், தோய்த்தாள், சுட்டாள். ஜூன் வரும், வந்தால் வரட்டும், சாம்பல் சேலை பீரோவில் மடித்தபடி இருக்கும், இருக்கட்டும். இதில் தவறினால் அதைக் கட்ட வேண்டியதுதான், தெரிந்துதான் கொட்டினாள், கொட்டின கை அவளுடைய கை. ஓரக்கண்ணில் சிவப்புக் கட்டம் அசைந்தது, சூசை அண்ணன் மனசு கேட்காமல் இரண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டார், அந்தப் புட்டி அலமாரியில் இருந்த தட்டு எதுவென்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். கனி சுடரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "அண்ணே, இங்கன தண்ணி சிந்தல" என்றாள். சத்தமாகவே சொன்னாள், லேப் முழுக்கக் கேட்டது. எவனோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். துணி நின்றது. கம்பியைச் சுடரின் ஓரத்தில் வைத்தாள். அழுக்கு மஞ்சள் எழுந்தது, அடங்கியது. பிறகு சிவப்பு. பார்த்த மாத்திரத்தில், அவள் கேட்காமலேயே, செங்கல் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, செங்கல்தான், செங்கலாகத்தான் இருக்கும், கூடப்பிறந்த அண்ணன் குரலா, தாளாளர் குரலா, சேர்ந்து வந்த எல்லோருடைய குரலுமா, ரொம்ப அன்பான குரல். அவள் பொறுத்தாள். இமைக்காமல் பொறுத்தாள், கண்ணில் நீர் கோத்தது, அதைத் துடைக்கவும் இல்லை. இன்னொரு தடவை தொட்டு வைத்தாள். சுடர் மறுபடி சிவந்தது, நறுக்கின விரலில் முதலில் துளிர்க்கிற அதே சிவப்பு, அன்றைக்கு ஸ்ட்ரான்சியம் என்று உதடுவரை வந்து திரும்பிப் போனதே, அது. செங்கல் இல்லை. செங்கலாக ஒருநாளும் இருந்ததில்லை. பேனாவை எடுத்து, சுடரின் நிறம் என்ற கட்டத்தில் கருஞ்சிவப்பு என்று எழுதினாள், எழுதின அழுத்தத்தில் எழுத்து அடுத்த தாளிலும், அதற்கு அடுத்த தாளிலும் பதிந்தது.